ஞாயிற்றுக்கிழமை ரயில்

ரஷ்ய மொழி இடைநிலைத் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று வாங்கியதற்குக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியவன் நான். தேறுவதற்கு அறுபது வேண்டும். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அதை மாட்டுவதற்காக வேத வசனக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். என் மனைவி சண்டை போடவில்லை. வசனம் படிக்கத் தினமும் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது, குழம்பு தீய்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்களில் யாராவது அந்தச் சட்டத்தைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டால், நானே எழுந்து போய்த் தூசு துடைப்பேன்.

எங்களுக்கு ஒரே மகன். டாக்டர் படிப்புக்கு ரஷ்யா போனான். ஆறு வருஷம் படித்து, அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கூடப் படித்த ரஷ்யப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். விசா, டிக்கெட் எதுவும் கைகூடாததால் கல்யாணத்தை நாங்கள் போனில் பார்த்தோம். மனைவி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, போனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் மேலே கோட்டு, டை. கீழே லுங்கி. கேமராவுக்கு இடுப்புவரைதானே தெரியும் என்று ஒரு கணக்கு. நடுவில் அங்கே எல்லோரும் கையில் கிளாஸோடு எழுந்து நின்றார்கள். "அப்பா, உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க, எந்திரிங்க" என்றான் மகன். எழுந்தேன். ஒரு ரஷ்யக் கல்யாண வீடே என் கட்டம் போட்ட லுங்கியைப் பார்த்துக் கைதட்டியது.

அந்தப் பெண் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டாள். அங்கே அப்பாவுக்கு அதுதான் சொல். அன்றைக்கே முடிவு செய்தேன். மருமகளோடு அவள் பாஷையில் பேசுவது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, ஒரு சட்டமும் போட்டேன். அவள் என்னிடம் ரஷ்யனில் மட்டும்தான் பேச வேண்டும், இங்கிலீஷ் கூடவே கூடாது. அவளுக்கு இங்கிலீஷ் சுமாராக வரும் என்று மகன் சொல்லிப் பார்த்தான். நான் கேட்கவில்லை.

எனக்கு அந்தத் திமிர் வந்ததற்கு ஊர்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். கோலார் தங்கவயலில், கேஜிஎஃப்பில் பிறந்தவனுக்கு மொழி என்பது ஜலதோஷம் மாதிரி. வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, சுரங்கத்தில் இங்கிலீஷ். எதையும் புத்தகம் வைத்துப் படித்ததில்லை. எங்கள் முறை எளிது. எதிராளி பேசும்போது பாதி புரியும். புரியாத பாதிக்கும் தலையாட்ட வேண்டும். இரண்டு மாதத்தில் மிச்சப் பாதியும் புரிந்துவிடும். கோலார் கோர்ட்டில் கன்னடத்தில் சாட்சி சொல்லி ஜெயித்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். ரஷ்யன் மட்டும் என்ன பெரிசா என்று நினைத்தேன்.

பெரிசுதான்.

பெங்களூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை எனக்கு. எங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். பதினான்கு வருஷமாக அதே பெட்டி, அதே இடம், எதிரில் அதே நண்பர். பக்கத்து நந்திதுர்க் சுரங்கப் பகுதிக்காரர், லேத் மிஷின் ஓட்டுகிறவர். நான் நோட்டை எடுத்ததும் அவர் சீட்டுக்கட்டை உள்ளே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். நான் வேற்று கிரகத்து எழுத்துகளை எழுதிப் பழகுவதைப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, பாதி எழுத்து கவுந்து கெடக்குது, ரயில் ஆட்டத்துல வுழுந்துட்ச்சா" என்பார். முதல் பாடத்திலிருந்து அவர் ஒன்றே ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார். 'காக் தெலா?' எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். மூன்று வருஷம் தினமும் காலையில் பெட்டியே கேட்கும்படி, "காக் தெலா, வாத்தியாரே?" ஒரு கட்டத்தில் டிக்கெட் பரிசோதகரே அப்படித்தான் என்னைக் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனில் வகுப்பு. டீச்சரம்மா பெங்களூரில் இருந்தார், பல வருஷம் ரஷ்யாவில் வேலை பார்த்தவர். கூடப் படித்தவர்கள் எல்லோரும் என் மகன் வயசு. முதல் வருஷம் கடந்து இடைநிலைக்கு வந்தபோது என்னால் என்னென்ன முடிந்தது என்றால், இல்லாத ஒரு தபால் ஆபீஸுக்குப் போய்ப் பார்சல் அனுப்ப முடியும். இல்லாத ஒரு டாக்டரிடம் தலைவலி என்று சொல்ல முடியும். என் அறையில் ஜன்னலுக்கு இடதுபக்கம் மேஜை இருக்கிறது என்று சொல்ல முடியும். எனக்குத் தனி அறையே கிடையாது. பனியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுவேன். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு வெள்ளைப் புழுதியைத் தவிர வெள்ளையாக எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

டீச்சரம்மாவுக்கு என்மேல் ஒரே ஒரு குறை. கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சியில், புரியாவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். எப்போது, எங்கே, யார் என்று கேட்க வேண்டும். அதற்கே மார்க் உண்டு. நான் கேட்கவே மாட்டேன். 'வ்ஸ்யோ போன்யல்' என்பேன். எல்லாம் புரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சுத்த ரஷ்யன் மாதிரி சொல்வேன் என்று டீச்சரம்மாவே ஒத்துக்கொண்டார். மருமகளுக்கும் அது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் எதையாவது நீளமாகச் சொல்வாள். நான், "வ்ஸ்யோ போன்யல்" என்பேன். பின்னால் மகன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். "அப்பா, அவ உங்கள ஒரு கேள்வி கேட்டா" என்பான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

சுரங்கம் ஓடிய காலத்தில், உள்ளே யாராவது செத்துப்போனால் அந்தச் செய்தியை வீட்டில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலுக்குக் காக்கி டிராயர் போட்ட ஒருவர் வந்தார். "அண்ணனுக்கு அடிபட்டிருக்குதுக்கா. ஆஸ்பத்திரில வச்சிகிறோம். கிளம்பி வாங்க" என்றார். என் அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே அடி, எப்படி இருக்கார், பேசறாரா, எதுவும் இல்லை. அடுப்பை அணைத்து, சோற்றுப் பானையை இறக்கி வைத்து, எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். விடியற்காலை ஷிப்டிலேயே அப்பாவைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே கொண்டுவந்திருந்தார்கள். அவர் வாசலுக்கு வந்தபோது வெள்ளைத் துணி போர்த்தி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வந்தவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கேட்டால் அவர் வாயால் அதைச் சொல்ல வேண்டி வரும். ஒருத்தரை அப்படிச் சொல்ல வைப்பது மரியாதை இல்லை. ஆஸ்பத்திரி என்று சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும். கிளம்ப வேண்டும்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வழக்கத்தை மூடவில்லை. இன்றைக்கும் ரயிலில் யாருக்காவது போன் வந்து, "ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம்" என்று அவர் சொன்னால், பெட்டியில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. அவர் பையை ஒருவர் எடுத்துக்கொள்வார், அடுத்த ஸ்டேஷனில் இறக்கி, திரும்பிப் போகிற வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்து கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் எண்ணிலிருந்து போன். வீடியோ இல்லை, குரல் மட்டும். அழுதுகொண்டே பேசினாள். நேற்றுச் சாயங்காலம் ரோட்டில் பனி. கார் சறுக்கியது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரொம்ப மோசம். சாயங்காலம் கூப்பிடுங்கள், பாப்பா.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அந்த முதல் விநாடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அழுகையோடு, வேகமாகப் பேசியும் ஒரு சொல்கூட விடாமல் எனக்குப் புரிந்துவிட்டதே என்று. அடுத்த விநாடியில் ஆஸ்பத்திரி என்ற சொல் உள்ளே இறங்கியது. இருபத்தேழு வயசுப் பெண், தன் புருஷனைப் பற்றி, இத்தனை தூரத்திலிருந்து, எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளைச் சொல்ல வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"ஸ்பசீபா. வ்ஸ்யோ போன்யல்" என்றேன். நன்றி, எல்லாம் புரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்ததும் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் இந்த ஊர்தான்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீடுகள் எல்லாம் எங்கள் வீட்டில். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். கோயிலில் துக்க மணி அடித்தார்கள். யாரோ பெஞ்சு கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் துக்கம் கேட்கிறார்கள், எத்தனை பேருக்குப் பதில் சொல்வது என்று அதை அணைத்து அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் கூப்பிடச் சொன்னது ஞாபகம் இருந்தது. சவப்பெட்டியை அனுப்புகிற ஏற்பாடு பற்றிப் பேசத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அதைவிட, உண்மையைச் சொன்னால், பயம். பிறந்தார், படித்தார், மணந்தார், இறந்தார் என்று பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றுப் பாடத்தில் நான் அந்தக் கடைசிச் சொல்லைப் படித்திருந்தேன். அதை என் மகனுக்குப் போட்டு அவள் குரலில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மருமகள் என் மனைவியைக் கூப்பிடவும் வழியில்லை, அந்த எண் மகனுடைய போனில் மட்டும்தான் இருந்தது. அந்தப் போன் காரோடு நொறுங்கிப்போயிருந்தது.

திங்கட்கிழமை மதியம் மச்சினன் சொல்லித்தான் போனைத் திறந்தேன். விமான ஏற்பாடு எப்போது என்று கேட்க வேண்டுமே. பத்தொன்பது தவறிய அழைப்புகள். எல்லாம் அவள். கீழே ஒரே ஒரு செய்தி, இரண்டு வரி.

இன்று காலை ஆறு மணிக்கு இறந்துவிட்டார் என்று இருந்தது.

'இன்று' என்பது இரண்டாவது பாடத்தில் வருகிற சொல். இன்று, நேற்று, நாளை. அந்தச் சொல்லை நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தேன். மறுபடியும் இன்று என்றே இருந்தது.

பாய்மேல் பெண்களுக்கு நடுவில் இருந்த மனைவியிடம் போய்க் குனிந்து, இன்றைக்குக் காலையில்தானாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பிறகு அவள் அழவில்லை, அதைப் பற்றி என்னிடம் பேசவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது, கூடவே மருமகள் வந்தாள். அடக்கத்துக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் மணி அடிக்கிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சங்கடத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே அடிச்சாச்சு சார். திரும்ப அடிக்கலாமா, வேணாமான்னு தெர்ல."

அடிங்க என்றேன். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை துக்க மணி அடித்தது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். முதல் தடவை அடித்தபோது அவன் உயிரோடு இருந்தான்.

பெட்டியைத் தூக்கியவர்களில் என் ரயில் நண்பரும் ஒருவர். காலையில் வந்து, மண் போட்டு முடிகிறவரை இருந்தார். என் தோளில் கை வைத்தார். பிறகு போய்விட்டார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னை 'காக் தெலா' கேட்கவில்லை.

மருமகள் பத்து நாள் எங்களோடு இருந்தாள். மாமியாரும் மருமகளும் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள். மனைவி தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், அவன் சின்ன வயதில் செய்த அட்டகாசங்களை. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். எங்கள் முறைதான், அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

எனக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அவன் என்னைத் தேடினானா? தேடினான் என்றால், என் போன் அணைந்திருந்ததற்கு அவனிடம் என்ன சொன்னார்கள்? அப்பா பேச மாட்டேன் என்று இருக்கிறார் என நினைத்துக்கொண்டு போய்விட்டானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், ஸ்டோரில் சாமான் கேட்டு எழுதும் இண்டென்ட் காகிதத்தின் பின்பக்கத்தில் அகராதியை வைத்து இரண்டு கேள்விகளை எழுதினேன். நாலு தடவை சரிபார்த்தேன். என் ரஷ்ய வாழ்க்கையிலேயே தப்பில்லாமல் நான் எழுதிய வாக்கியங்கள் அவை இரண்டும்தான்.

சமையலறை வாசலில் நின்று படித்தேன். அவள் பூண்டைக் கீழே வைத்தாள். மனைவி உரிப்பதை நிறுத்தவில்லை.

மருமகள் மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள், என் பாடப் புத்தகம் அவள் மடியில் திறந்திருப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு நினைவு வந்திருக்கிறது. அப்பா கூப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறான். இவள் உடனே போன் போட்டிருக்கிறாள். அணைந்திருக்கிறது. அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

அவன், ரயிலில் இருப்பார் என்று சொல்லியிருக்கிறான். வழியில் சிக்னல் கிடைக்காது. இறங்கினதும் எடுப்பார்.

அதனால்தான் அவள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் இரண்டு தடவை கண்ணைத் திறந்து, ரயில் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறான். இன்னும் இல்லை, லேட் போலிருக்கிறது என்று இவள் சொன்னதற்குச் சிரித்திருக்கிறான். அந்த ரயில் எப்போதும் லேட்டுதான் என்றானாம். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

நான் முதல் தடவையாகத் திருப்பிக் கேட்டேன். இன்னொரு முறை சொல், மெதுவாகச் சொல் என்றேன். அவள் இன்னொரு முறை சொன்னாள். அதே ரயில், அதே சிரிப்பு.

அவன் எங்கள் வீட்டில் வளர்ந்த பையன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை கிடையாது, ரயில் கிடையாது, கோயிலும் கறிச்சோறும் தூக்கமும்தான் என்று அவனுக்குத் தெரியாதா? கிழமை மறந்துபோயிருக்கலாம். அடிபட்ட தலைக்கு அதெல்லாம் இருக்காது. இல்லை, தெரிந்தே எனக்காக ஒரு சாக்கு சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் நான் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போகாத நாள்களில் டீச்சரிடம் அவன் சொன்ன சாக்கும் ரயில்தான். இதற்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கப்போவதில்லை.

மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அன்றைக்கு ரயில் ரொம்ப லேட்டா, பாப்பா?"

அவள் அதை நம்பியிருந்தாள். அதைத்தான் அங்கிருந்து சுமந்துகொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு நான் ரயிலில் இல்லை, வீட்டில்தான் இருந்தேன், உன் புருஷன் செத்துவிட்டான் என்று நினைத்துப் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். இதைச் சொல்ல வேண்டிய எல்லாச் சொற்களும் எனக்குத் தெரியும். ஒன்றுகூட இடைநிலைக்கு மேற்பட்டது இல்லை.

தலையாட்டினேன்.

மறுநாள் அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சான்றிதழ் இருந்த ஆணியில் மனைவி வசனக் காலண்டரைத் திரும்ப மாட்டியிருந்தாள், எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபிறகு, நேற்று சமையலறையில் மருமகள் என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ரயிலைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், கடைசியில் நான் தலையாட்டியதையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தபடி சொன்னாள்.

"மூணு வருசமா படிச்சீங்க. புள்ள எப்டிக் கீறான்னு ஒரு வார்த்த கேக்கல நீங்க."